ஜிகினா மீன்களும் ஓலைக் காத்தாடியும்

போன பதிவில் தேய்மானக் கணக்கு பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். சரி, இந்த முறை தூக்கத்தைப் பற்றியே எழுதிவிடலாம். அதாவது, சின்னப் பிள்ளைகள் கூட்டமாகத் தூங்கப் போவதற்கு முன்னால் அவர்களைச் செய்ய வைக்கிறார்களே, அந்த 'கிராஃப்ட்' பற்றி. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் கீழே வந்து திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்லீப் ஓவர் என்றால் என்னவென்று தெரியாத நல்லவர்களுக்கு: பிறந்தநாள், லீவு, ஏதோ ஒரு சாக்கு. ஒரு வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடி, பீட்சா தின்று, படம் பார்த்து, அங்கேயே படுத்துக்கொள்வது. சென்னை அபார்ட்மென்ட்களில் இப்போது இது சகஜம். நடுவில் பிள்ளைகள் சோபாவை உடைக்காமல் இருக்க ஒரு மணி நேரம் 'கிராஃப்ட் ஆக்டிவிட்டி'. அதற்கென்றே டப்பாவில் கிட் விற்கிறார்கள். டப்பாவைத் திறந்தால் வெட்டிய ஃபோம் ஷீட், ஐஸ்கிரீம் குச்சி, பிளாஸ்டிக் மணி, பசை, ஜிகினா. மேல் மூடியில் கடைசியில் எப்படி வர வேண்டும் என்று படம். ஒட்டினால் வேலை முடிந்தது.

அபார்ட்மென்டில் யார் எதை ஒட்டினாலும் எனக்கென்ன? நான் பழவேற்காட்டுப் பையன். என் பிரச்சினை, அந்த டப்பா எங்கள் ஊருக்கு வந்தபோது ஆரம்பித்தது.

அந்த ராத்திரி

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு தன்னார்வக் குழு வந்தது. பெயர் வேண்டாம். மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் 40 பேரை ஒரு ஹாலில் ஒரு ராத்திரி தங்க வைத்து முகாம். கதை, பாட்டு, சாப்பாடு, கிராஃப்ட். தலைப்பு 'நம் ஏரியைக் காப்போம்'. உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். காமர்ஸ் பையன் என்பதால் பில் புத்தகம் என் கையில்.

தெர்மோகோல் அட்டையில் மீன் வெட்டி, பசை தடவி, மேலே ஜிகினாத் தூளைக் கொட்டி, பளபள என்று 40 மீன்கள். பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். எனக்கும் அப்போது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

பாதியில் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். வடலிப் பனை ஒன்று சுவரை ஒட்டி நின்றது. ஒரு பெண், பத்து வயசு இருக்கும், எட்டி ஓர் ஓலையைக் கிழித்தாள். விரல் அளவுக்கு ஒரு துண்டு, நடுவில் ஒரு கருவேல முள், முள்ளின் மறுமுனை ஒரு குச்சியில். காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். காத்தாடி! ஐந்து நிமிஷத்தில் பத்துப் பதினைந்து காத்தாடிகள். ஒன்று சுற்றவில்லை. ஏன் சுற்றவில்லை என்று இரண்டு பையன்கள் சண்டை போட்டு, முள்ளை மாற்றிக் குத்தி, ஓரத்தைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு, சுற்ற வைத்தார்கள்.

கரண்ட் வந்தது. குழுவின் அக்கா ஒருவர் வாசலில் வந்து நின்று கைதட்டினார்: "அதெல்லாம் கீழ போட்டுட்டு வாங்க செல்லங்களா, ஆக்டிவிட்டி முடிக்கல நாம!"

எல்லாம் கீழே விழுந்தது. பிள்ளைகள் உள்ளே போய் மீனுக்குக் கண் ஒட்டினார்கள்.

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்காகத்தான்.

குற்றச்சாட்டு ஒன்று: அது கைவேலையே இல்லை

கைவேலை என்றால் கைக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு சண்டை இருக்க வேண்டும். ஓலையைக் கேளுங்கள். காய்ந்துபோனால் உடையும், அதனால் பின்னும் முன் ஈரம் காட்ட வேண்டும். ஈர்க்கை எடுக்காமல் பின்னினால் மடிப்பு விழாது. பட்டை ஒரே அகலத்தில் கிழியாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இது எதையும் யாரும் பாடமாக நடத்த வேண்டாம், ஓலையே நடத்திவிடும். தப்புச் செய்தால் அங்கேயே தெரியும், அவிழ்த்தும் திரும்பப் பின்னலாம்.

கிட் டப்பாவில் தப்புச் செய்ய வழியே இல்லை. முடிவு மூடியிலேயே அச்சடித்து வந்துவிடுகிறது. 40 பிள்ளை, 40 மீன், எல்லாம் ஒரே மீன். பிள்ளை அங்கே செய்தது பேக்கிங் வேலை, அதுவும் சம்பளம் இல்லாமல்.

மழலையர் பள்ளி என்ற யோசனையை 1837-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ரோபெல் பிள்ளைகளுக்குக் கொடுத்த கைவேலைகளில் தாள் பட்டைகளைப் பின்னுவதும் ஒன்று. ஒன்று மேலே, ஒன்று கீழே, அடுத்த வரிசையில் மாற்றி. இரட்டைப்படை, ஒற்றைப்படை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. எங்கள் ஊர் ஓலைப் பாய்க்கும் பெட்டிக்கும் அதே கணக்குத்தான். உலகம் கின்டர்கார்டன் என்று கொண்டாடுகிற விஷயம் எங்கள் தெருத் திண்ணையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கீழே போடச் சொல்லிவிட்டுத் தெர்மோகோல் கொடுத்தோம்.

குற்றச்சாட்டு இரண்டு: ஏரிக்கு ஜிகினா

ஜிகினாத் தூள் என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்கு அலுமினியப் பூச்சு பூசி, பொடிப்பொடியாக வெட்டியது. ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்கை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். கடலில் பெரிய பிளாஸ்டிக் உடைந்து உடைந்து அந்த அளவுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். ஜிகினாவில் அந்தச் சிரமம் இல்லை, வாங்கும்போதே தயார். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கேரி பேக், ஸ்ட்ரா, டம்ளர் எல்லாம் தடை. ஆனால் மறுநாள் காலை ஹாலைப் பெருக்கிக் கழுவிவிட்டபோது அந்தப் பளபளப்பு எந்தப் பக்கம் ஓடியது என்று நான் பார்த்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் ஓடினால் ஏரிக்குத்தான் ஓடும்.

ஒரு டப்பா ஜிகினாவால் பழவேற்காடு ஏரி செத்துவிடாது, அப்படிச் சொன்னால் நான் புளுகன். முகத்துவாரம் மணலில் தூர்ந்து போவது, எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் சாம்பல், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம், இதெல்லாம்தான் எங்கள் ஊர் ஆட்களின் பெரிய கவலை. விரிவாக்கத்துக்காக 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டமே எதிர்ப்புக்கு நடுவே தள்ளிப்போனது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில், முறை வைத்து மீன் பிடிக்கும் 'பாடு' வழக்கத்தைத் தலைமுறையாக வைத்திருக்கும் ஆட்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று பிளாஸ்டிக் கையில் கொடுத்துச் சொல்கிறோம். யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்கிறோம்?

குற்றச்சாட்டு மூன்று: கணக்கு

இப்போது என் சப்ஜெக்ட். பில் என்னிடம் இருந்ததால் சொல்கிறேன். 40 கிட், ஒன்று 150 ரூபாய், 6,000. உதிரியாக ஜிகினா, பசை, ஃபோம் 1,400. மொத்தம் 7,400 ரூபாய். இதில் பழவேற்காட்டுக்குள் செலவான தொகை பூஜ்யம்.

முகாம் நடந்த இடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். ஊரில் எல்லாரும் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷமாக ஓலைப்பெட்டி முடைகிறார். சாயம் காய்ச்சி, பட்டை கிழித்து, மூடி வைத்த பெட்டி ஒன்றை முடிக்க அவருக்கு முக்கால் நாள் ஆகிறது. கைக்கு வருவது 80 ரூபாய். அதே அளவுப் பெட்டியைச் சென்னையில் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு நான் பார்த்தேன். ஒப்பிட்டுப் பாருங்கள்: நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலியே 336 ரூபாய். மண்வெட்டிக்குக் கிடைக்கிற மரியாதை விரலுக்குக் கிடைக்கவில்லை.

முகாம் முடிந்த வாரம் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஏம்பா, பசங்களுக்கு ஒரு நாள் சொல்லிக்குடுன்னா நான் வரமாட்டேனா? என்னை யாரு கூப்புட்டாங்க?"

பதில் இல்லை என்னிடம்.

மாற்றுக் கணக்கு போடுகிறேன். ஓலை முடையத் தெரிந்த இரண்டு பேர், ஆளுக்கு 800 ரூபாய், 1,600. ஓலைக்கும் வண்டிக்கும் தாராளமாக 1,000. மொத்தம் 2,600. மிச்சம் 4,800 ரூபாயில் 40 பிள்ளைகளுக்கும் கதைப் புத்தகம் வாங்கியிருக்கலாம். இதற்கு காஸ்ட் அக்கவுண்டன்சி படிக்க வேண்டியதில்லை.

"அது கிராஃப்ட் இல்ல மாமா"

என் அக்கா மகள் மூன்றாம் வகுப்பு. அவளும் அந்த முகாமில் இருந்தாள். ஜிகினா மீனை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். "உனக்குத்தான் ஓலையில கிளி செய்யத் தெரியுமே, அதை ஏன் மாட்டல?" என்று கேட்டேன்.

"அது கிராஃப்ட் இல்ல மாமா. அது வேலை."

எட்டு வயசுப் பிள்ளை. யார் சொல்லிக்கொடுத்தது? யாருமே வாயால் சொல்லவில்லை. கடையில் வாங்கிவந்தது கலை, வீட்டில் இருப்பது பிழைப்பு என்று அந்த ஒரு ராத்திரி சொல்லிக்கொடுத்தது. ஏரியில் இறங்கி, ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அவள் தினம் பார்க்கிறாள். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும், பறி தண்ணீரில் மிதந்து போகக் கூடாது, கனமாகவும் இருக்கக் கூடாது. எவ்வளவு யோசனை அந்தச் சின்னப் பறிக்குள்! அதற்குப் பெயர் கிராஃப்ட் இல்லையாம். ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டினால் கிராஃப்டாம்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்

முதல் கேள்வி எனக்கே தெரியும். "அப்ப குலக்கல்வியா?"

நியாயமான கேள்வி. 1953-இல் ராஜாஜி ஆட்சி, கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. பெரியாரும் திமுகவும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அது கைவிடப்படாமல் இருந்திருந்தால் என் தாத்தா தலைமுறையோடு படிப்பு முடிந்திருக்கும், நான் பி.காம். படித்துக்கொண்டு உங்களிடம் வம்பு பண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். அதனால் அந்தப் பக்கம் நான் போகவே மாட்டேன்.

நான் சொல்வது அதற்கு நேர் எதிர். குலக்கல்வி சொன்னது: உன் அப்பன் செய்வதை நீ செய், பள்ளி நேரத்தில் செய். நான் சொல்வது: அவன் அப்பன் செய்வதை உன் பிள்ளையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும், விளையாட்டு நேரத்தில் கற்றுக்கொள்ளட்டும், சொல்லிக்கொடுப்பவருக்குக் காசு கொடு. ஓலை பின்ன வேண்டியது முதலில் அண்ணா நகர் பிள்ளை. எங்கள் குப்பத்துப் பிள்ளைக்கு முகாம் போட்டால் தொலைநோக்கி கொண்டுவாருங்கள். தெற்கில் பார்த்தால் துறைமுக விளக்கு, வடக்கில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும்போது எங்கள் வீட்டுக் கூரையிலிருந்தே தெரியும். அது எப்படிப் பறக்கிறது என்று சொல்ல ஆள் கூட்டிவாருங்கள். ஓலையில் அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். சும்மா ஒரு தடவை அவர்களை வாத்தியாராக்கிப் பாருங்களேன்.

இரண்டாவது கேள்வி: "பின்னுகிறவர்களே தங்கள் பிள்ளைகள் இதற்கு வரக்கூடாது என்கிறார்களே?"

உண்மை. பாயம்மாவே சொல்வார்: "என் பொண்ணு கையில ஓலை படக்கூடாதுப்பா." 80 ரூபாய்க்கு யார் வரச் சொல்வார்கள்? அந்தப் பெட்டிக் காசில்தான் நம் வகுப்பில் ஒருத்தனுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டப்படுகிறது. யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். "ஒரு சாயங்காலம் சொல்லிக்குடுத்தா 800 ரூபா தர்றாங்கன்னா?" சிரித்துவிட்டார். "அப்ப நான் டீச்சரால்ல ஆயிடுவேன்!" அவருக்கு ஓலை மேல் கோபம் இல்லை, அந்த 80 ரூபாய் மேல்தான். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு வாங்கி, ஓலையை மதிப்பான பொருளாக்கிக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஓலையும் அதே பனையில்தான் காய்க்கிறது.

மூன்றாவது: "பிள்ளைகள் சந்தோஷமாகத்தானே ஒட்டினார்கள்?"

ஆமாம். காத்தாடியோடு ஓடும்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஒன்றைத் தொடரச் சொன்னோம், ஒன்றைக் கீழே போடச் சொன்னோம். நான் கேட்பது அந்தத் தேர்வைப் பற்றி.

நாங்களும் ஸ்லீப் ஓவர் போட்டிருக்கிறோம்

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். சென்னை மூழ்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தீர்கள். எங்கள் தெருவில் ஏழெட்டுக் குடும்பம் ஒரு மாடி வீட்டில் ஒதுங்கினோம். கரண்ட் இல்லை, செல்லில் சார்ஜ் இல்லை, காற்று கதவை உடைக்கிற மாதிரி அடிக்கிறது. பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் வரிசையாக. பயத்தில் ஒன்று அழ, எல்லாம் அழ ஆரம்பித்தது.

ஓர் ஆயா, கூரைக்கு வைத்திருந்த கட்டிலிருந்து ஓலை உருவினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு கிலுகிலுப்பை. உள்ளே இரண்டு சின்னக் கல். குலுக்கியதும் அழுகை நின்றது. அப்புறம் பாம்பு, விரலை விட்டால் இறுக்கிப் பிடிக்குமே, அது. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்ய வேண்டும் என்று அடம். "அடியில மடி, மேல இழு, விட்டுடாத" என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே என்ன சத்தம் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. அப்படியே கையில் ஓலையோடு தூங்கிப்போனார்கள்.

இதுதான் எனக்குத் தெரிந்த ஸ்லீப் ஓவர். அன்று அந்த வீட்டில் ஒரு கிட் டப்பாவும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

திட்டிவிட்டுப் போவது சுலபம் என்று சொல்வீர்கள். அதனால் என் யோசனை.

ஸ்லீப் ஓவர் வைக்கும் அக்கா அண்ணன்மார்களே, சென்னையிலிருந்து பழவேற்காடு 60 கிலோமீட்டருக்குள்தான். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், உங்கள் பக்கத்திலேயே கூடை முடைகிறவர், பூ கட்டுகிறவர், மண்பானை செய்கிறவர் இருப்பார். கூப்பிடுங்கள். இலவசமாக அல்ல. டப்பாவுக்குப் போகும் காசை அவர் கையில் கொடுங்கள், பிள்ளைகள் கண்ணெதிரே கொடுங்கள். 'டீச்சர்' என்று கூப்பிடச் சொல்லுங்கள். அவர் உட்கார நாற்காலி போடுங்கள், சாப்பாட்டில் கூடவே உட்கார வையுங்கள்.

ஓலையை முதல் நாளே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முதலில் காத்தாடி, அது ஐந்து வயசுக்கும் வரும், ஆனால் முள் குத்தும் வேலை பெரியவர்களுக்கு. எட்டு வயசுக்கு மேலே பாம்பும் கிலுகிலுப்பையும். பத்துக்கு மேலே சின்னப் பெட்டி. பெட்டி ஒரே ராத்திரியில் முடியாது. முடியாமல் போகட்டும்! மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். கோணலாக வரட்டும். காலையில் குப்பையில் போட்டாலும் மண்ணோடு மண்ணாகும், ஏரிக்குப் போனாலும் எந்த மீன் வயிற்றிலும் பளபளக்காது.

மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓலைக்காக யாரும் பனையை வெட்டுவதில்லை. பனை நம் மாநில மரம், அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆனால் ஒன்று. ஓலைக்கு வேலை இருக்கும்வரைதான் பனைக்கு ஆதரவு இருக்கும்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு: ஊருக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியாக 'இங்கே யாருக்கு என்ன செய்யத் தெரியும்?' என்று கேளுங்கள். பத்து பேருக்குத் தெரியும் என்றால் எங்கள் ஊர்ப் பாடு மாதிரியே முறை வைத்துக்கொள்ளலாம், இந்த முறை இவர், அடுத்த முறை அவர். சண்டை வராது. மீனுக்கே முறை வைத்துப் பழகிய ஊர்.

அந்தக் குழு இந்த வருஷமும் வருகிறதாம். இந்த முறையும் பில் புத்தகம் என்னிடம்தான். முதல் பில் யார் பெயரில் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒத்துக்கொள்வார்களா, பார்க்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு காமர்ஸ் பையனைத் தேடிக்கொள்ளட்டும்.

டிஸ்கி: ஜிகினா மீன் இன்னும் அக்கா வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. கழற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறேன். கிளிக்கு.